கரும்பு கொடுத்துக் கேட்ட ஓட்டு

மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் கரும்பு டிராக்டர் ஒன்று போனது. பின்னாலேயே ஓடி ஒரு கழியை உருவினேன். தலை நரைத்தும் கை நரைக்கவில்லை. முதல் கடியிலேயே நாலாம் வகுப்புத் தேர்தல் நினைவுக்கு வந்துவிட்டது.

வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரை வகுப்புத் தலைவர் கரும்பலகையில் எழுதுவார். எழுதப்பட்டவருக்கு அடி. தினமும் முதல் பெயர் என்னுடையது. தப்பிக்க ஒரே வழி, எப்படியாவது நானே தலைவராவது. எனக்கு எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, தெரியாது என்று நானும் சொல்லவில்லை.

தேர்தலன்று, ஆலை வண்டிகளில் உருவிய கரும்பை ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன்.

"துன்னவன்லாம் எனக்குத்தான் கை தூக்கணும். மாத்தித் தூக்கினா கண்ணு அவிஞ்சிடும்!"

எல்லோரும் தலையாட்டிக்கொண்டே மென்றார்கள்.

என்னை எதிர்த்து நின்ற செல்வி பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு வந்தாள்.

"இன்னா வெயிலு! குடிங்கடா."

கரும்பு தின்றதும் தண்ணீர் குடித்தால் வாய் வெந்துபோகும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தாகத்தில் மறந்துபோனோம். முதலில் குடித்தவன் நான்தான்.

கொஞ்ச நேரத்தில் வகுப்பே நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அவன் கரும்பால வாயே வெந்துபோச்சி. இனிமே கண்ணு அவிஞ்சா இன்னா, அவியாட்டி இன்னா?" என்றாள் செல்வி.

வாத்தியார் வந்து கேட்டபோது, எனக்காக உயர்ந்தது என் கை மட்டும்.

மறுநாள் செல்வி பலகையில் முதலில் எழுதியது என் பெயரை. இன்றும் நான் எழுத்துக்கூட்டாமல் படிக்கும் ஒரே சொல் அதுதான்.

"அண்ணே, தண்ணி வோணுமா?" என்றார், நான் கரும்பு மெல்வதைப் பார்த்த ரோட்டோர டீக்கடைக்காரர்.

வாயை இறுக மூடிக்கொண்டேன்.