விருதுக்கு நான் எழுதிய நான்காம் விதி

நாகர்கோவிலில் வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் எனக்கு டி.டி.பி. கடை இருந்தது. கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் புதுநன்மை அழைப்பிதழ், இரங்கல் போஸ்டர் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். 2010ஐ ஒட்டிய சில வருடங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் கடைக் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் ஆறு பேர் உள்ளே பகடை உருட்டிக்கொண்டிருப்போம். சூதாட்டம் நடக்கிறது என்றே கீழே டீக்கடைக்காரர் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

விளையாட்டைக் கொண்டுவந்தவன் மஸ்கட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் நண்பன். அங்கே உடன் தங்கியிருந்தவர்களிடம் கற்றுக்கொண்டானாம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தக் கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். மதில் ஏறிக் குதிக்கிறேன் என்று நீங்கள் சொன்னால், குதித்தீர்களா, காலை ஒடித்துக்கொண்டீர்களா என்பதைப் பகடை சொல்லும். அந்தப் பகடைக்கு இருபது முகம், நெல்லிக்காய் அளவு.

ஒரு வருடத்துக்குள் நாங்களே கதைகள் எழுத ஆரம்பித்தோம். வெளிநாட்டில் இந்த மாதிரி விளையாட்டுகளுக்கு வருடாவருடம் விருது கொடுக்கிறார்கள் என்று மஸ்கட் நண்பன் இணையத்தில் கண்டுபிடித்தான். நாமும் கொடுத்தால் என்ன என்றான். யாரும் மறுக்கவில்லை. விருது என்றால் வாங்கப்போவது தான்தான் என்று ஆறு பேரும் நினைத்திருப்போம். நான் நினைத்தேன்.

பிரிவுகளை அவன் தயாரித்தான். சிறந்த கதை, சிறந்த வரைபடம், சிறந்த அட்டை, சிறந்த அரக்கன், சிறந்த புதுமுகம் என்று பதினான்கு வந்தது. போட்டிக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். விதிகளை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது, தட்டச்சுப் பலகை என்னிடம் இருந்ததால். ஒன்று, படைப்பு சொந்தமாக இருக்க வேண்டும். இரண்டு, அந்த வருடம் எழுதியதாக இருக்க வேண்டும். மூன்று, நடுவர் படைப்பை விளையாடிப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான்கு, படைப்பு கணினியில் தட்டச்சு செய்யப்பட்டு, குறைந்தது பத்துப் படிகள் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்களில் ஒருவர் கணக்கு வாத்தியார். மண்டைக்காட்டை அடுத்த கடற்கரை ஊர்க்காரர். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் கரையில் நின்று படித்தவர். அந்தக் கோடை விடுமுறையில் அவர் வீட்டு மொட்டைமாடியில், தான் எழுதிய கதையை எங்களுக்கு விளையாடக் கொடுத்தார். அதில் அரக்கன் இல்லை, புதையல் இல்லை. நான்கு பேர் ஒரு வள்ளத்தில் கடலுக்குப் போகிறார்கள். திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். காற்றுக்கு ஒரு அட்டவணை, நீரோட்டத்துக்கு ஒன்று, மிச்சமிருக்கும் குடிவெள்ளத்துக்கு, அதாவது குடிதண்ணீருக்கு, ஒன்று. பகடை உருள உருள அட்டவணைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போயின. சாதாரணமாக வாயை மூடாத மஸ்கட் நண்பன், காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். என் ஆள் கரை தெரிகிற தூரத்தில் கடலில் விழுந்தான். அவனுக்காக நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து, கண்ணில் மணல் விழுந்ததாகச் சொல்லி எழுந்து போனேன். மொட்டைமாடியில் மணல் ஏது என்று யாரும் கேட்கவில்லை.

நாகர்கோவிலுக்குத் திரும்பும் பேருந்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுதிக்கொண்டிருந்த அரண்மனைக் கதையில் ஏழு அரக்கர்களும் மூன்று சுரங்கங்களும் இருந்தன. எல்லாம் சேர்த்தும் அந்த வள்ளத்துக்குப் பக்கத்தில் வராது. அந்தக் கதையை அவர் எண்பது பக்க நோட்டில் கையால் எழுதியிருந்தார். மற்ற நான்கு பேரின் கதைகளும் ஏற்கெனவே என் கடையில்தான் அச்சாகிக்கொண்டிருந்தன. மறுநாள் கடையைத் திறந்ததும் நான் நான்காம் விதியை எழுதினேன்.

படைப்புகளைக் கொடுக்க வேண்டிய ஞாயிறன்று வாத்தியார் நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டுக் கொண்டுவந்தார். நான் விதித்தாளை நீட்டினேன். நிதானமாகப் படித்தார். “செரி மக்கா” என்று சொல்லி நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, உட்கார்ந்து டீ குடித்தார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

போட்டியிடாத ஒருவர் நடுவராக வேண்டும். மஸ்கட் நண்பன் தன் அக்காவைக் கூட்டிவந்தான். குழித்துறையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை என்று சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறான். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிகளை முதலிலிருந்து வாசித்தார். மூன்றாம் விதியில் நின்றார். விளையாடாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறதே என்றார். பிறகு பிரிவுகளின் பட்டியலைப் பார்த்தார்.

“பரிசு பதினாலு, ஆளு ஆறு. தோத்துப் போவதுக்கும் ஒரு ஆளு வேண்டாமா?”

சிறந்த கதை, சிறந்த வரைபடம், சிறந்த ஆட்டம் என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அங்கேயே அடித்துவிட்டார். தன் அரக்கனுக்குத் தனிப் பரிசு கிடைக்கும் என்று நம்பியிருந்த அவருடைய தம்பியின் முகம் அன்று முழுக்கச் சரியாகவில்லை.

அடுத்த ஞாயிறுகளில் அக்கா பேருந்து ஏறி வந்து ஒவ்வொரு கதையாக விளையாடினார். எங்கள் ஆட்கள் வாளும் வில்லுமாக அலைவார்கள். அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம் ஒரு ஆவண எழுத்தர். தம்பியின் கதையில் குகை வாசலில் அரக்கன் வழிமறித்தபோது நாங்கள் ஆயுதங்களை எடுத்தோம். அக்கா, இந்தக் குகைக்குப் பட்டா யாருக்க பேரில் இருக்கிறது என்று அரக்கனைக் கேட்டார். அரக்கனாகப் பேசிக்கொண்டிருந்த தம்பி, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். பட்டாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் பகடையை உருட்டினார்கள். அக்காவுக்குப் பதினெட்டு விழுந்தது. அரக்கன் இரண்டு வாரத்தில் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தது.

என்னுடைய அரண்மனையையும் விளையாடினார். நான்காவது அரக்கன் வந்தபோது கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைத்தார். ஐந்தாவதுக்கு மறைக்கவில்லை.

ஐந்து கதைகளும் முடிந்த அன்று, தீர்ப்பு எழுதும் முன் அவர் விதித்தாளை மறுபடி எடுத்தார். எல்லோரும் இருந்தோம். வாத்தியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“இந்த நாலாம் விதி ஆருக்கு வேண்டி எழுதினது, தம்பி?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தரத்துக்காக என்றேன்.

“தரத்துக்குன்னா பத்துப் படி எதுக்கு? ஒண்ணு போராதா?”

ஆறு பேரில் அச்சு இயந்திரம் வைத்திருப்பது யார் என்று அவர் கேட்கவில்லை. அது மேஜையில் எங்கள் எல்லோருக்கும் நடுவில்தான் இருந்தது. வாத்தியாரின் நோட்டு போட்டிக்கு வரக்கூடாது என்றுதான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். அது என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்பதையும் சொன்னேன். சொல்லும்போது காது சுட்டது. யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. வாத்தியார்தான் பேசினார்.

“எனக்குத் தெரியும் மக்கா. நீயே தட்டச்சு அடிச்சுத் தருவன்னு காத்திருந்தேன்.”

கேலியா நிஜமா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அக்கா நான்காம் விதியைக் கோடிட்டு அடித்து, ஓரத்தில் கையெழுத்தும் போட்டார். அடுத்த ஞாயிறு வள்ளத்தில் ஏறினார். கடலில் பட்டா கேட்க ஆள் இல்லை. அவருடைய எழுத்தர், கடைசி வாய்க் குடிவெள்ளத்தைப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்து ஆள் நான். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணல் என்றெல்லாம் சொல்லவில்லை.

சிறந்த கதை வாத்தியாருக்கு. சிறந்த வரைபடம் தம்பிக்கு. சிறந்த ஆட்டம் அக்காவுக்குத்தான் என்று நாங்கள் அத்தனை பேரும் சொன்னோம். நடுவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது என்று அதை நிறுத்தி வைத்தார். எனக்கு ஒன்றும் இல்லை. என் அட்டை அழகாக இருந்தது என்று மட்டும் சொன்னார். கல்யாணக் கார்டின் பூவேலைப்பாட்டை அப்படியே எடுத்து, நடுவில் அரக்கன் தலையை வைத்திருந்தேன்.

கோப்பை வாங்கப் போனது நான்தான். கடையில் இருந்தவை எல்லாம் விளையாட்டுக் கோப்பைகள். வள்ளம் வைத்தது இல்லை, பகடை வைத்தது இல்லை. பந்தை உதைக்கிற ஆள் வைத்தது ஒன்றை வாங்கினேன். வாத்தியார் வீட்டில் கேட்டதற்கு, பந்து விளையாடி ஜெயித்ததாகவே சொல்லிவிட்டாராம். அவர் மனைவி இரண்டு நாள் அவரையும் கோப்பையையும் மாறிமாறிப் பார்த்திருக்கிறார்.

அந்த நோட்டை நான் தட்டச்சு செய்தேன். மூன்று ஞாயிறு காலைகள், அவர் சர்ச்சில் பூசை முடிந்து நேரே கடைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, நான் அடித்தேன். காற்று அட்டவணையில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன். அப்படி விட்டால் வள்ளம் திரும்பாது என்றார். திருத்தினேன். பத்துப் படி எடுத்துக் கொடுத்தேன்.

மறுவருடமும் விருது கொடுக்கத்தான் இருந்தோம். ஆனால் அக்கா தானும் ஒரு கதை எழுதிக்கொண்டு வந்து, இனி நடுவராக இருப்பது முறையல்ல என்று விலகிக்கொண்டார். கீழே டீக்கடைக்காரரைக் கேட்டோம். வந்தார், முதல் அரை மணி நேரத்தில் அவருடைய ஆள் கிணற்றில் விழுந்து செத்தான், டீ ஆறுகிறது என்று இறங்கிப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. விருது அத்தோடு நின்றது.

அக்காவின் கதை ஒரு தென்னந்தோப்பைப் பற்றிய வழக்கு. இரண்டு குடும்பம், ஒரு எல்லைக்கல். நான் பிரதிவாதியின் மைத்துனன். மழைக்காலம் வரைக்கும் விளையாடினோம், தம்பி மறுபடி மஸ்கட் போகும் வரைக்கும் விளையாடினோம். தீர்ப்பு வரவில்லை.