பலூன் படத்துக்குப் போட்ட புள்ளடி

அந்தப் புத்தகத்தில் பிள்ளைகள் வாசிக்க ஒரு எழுத்துக்கூட இல்லை. பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். பின்னட்டையின் உட்புறத்தில் மட்டும் ஆசிரியருக்கென்று பொடி எழுத்தில் விடைகள் இருந்தன. முதல் படம் சந்தோசம், இரண்டாவது கவலை, மூன்றாவது கோபம் என்று வரிசையாக.

எங்கள் குடும்பத்தில் பள்ளியில் உயர்தர வகுப்பு வரைக்கும் போன முதல் ஆள் நான். அச்சில் ஏறியது எதுவானாலும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியே படித்து வந்தவன். அதனால் மாத்தளையில் பயிற்சி முடித்து, ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகிற பாதையில் மூன்று தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைக் காம்பராக்களைப் பொறுப்பெடுத்தபோது, அந்தப் பின்னட்டையை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்கிற இடம் அது. காலையில் பாட்டு, பத்து மணிக்குப் பால், அதற்குப் பிறகு என் படப் புத்தகம்.

முதலாம் ஆண்டுக்குப் போகப்போகிற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எண்ணத் தெரிகிறதா, நிறம் தெரிகிறதா, கடைசியில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லத் தெரிகிறதா. அந்தக் கடைசிப் பகுதியில் பிழை என்று மூன்று புள்ளடி விழுந்தால் பிள்ளையின் பெயர் ஒரு பட்டியலில் சேரும். வளர்ச்சியில் குறை உண்டா என்று மாத்தளைக்குக் கூட்டிப்போய்ச் சோதிப்பார்கள். பட்டியலின் பிரதி ஒன்று பள்ளிக்கூடத்துக்கும் போகும்.

கதவோரமாக உட்கார்கிற ஒரு சிறுமிக்குச் சரியாக மூன்று புள்ளடி விழுந்தது. அழுகிற பெண்ணின் படத்துக்கு அவள் "அடுப்புப் பொகை" என்றாள். அறையில் தனியாகத் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிற பையனுக்கு "சந்தோசம்" என்றாள். தோட்டத்தில் மரத்தடியில் நடக்கிற பிறந்தநாள் படத்துக்கு, மற்றப் பிள்ளைகள் எல்லாம் "சந்தோசம்" என்று கத்தியபோது, அவள் மட்டும் "பயம்" என்றாள். நான் பேனாவால் புள்ளடி போட்டேன்.

மறுநாள் மத்தியானம் கொழுந்தை எடை போட்டுவிட்டுத் தாய்மார் கைப்பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வந்தார்கள். அந்தச் சிறுமியின் அம்மாவும் வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், மடியில் சின்னதை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"சேர், எம் புள்ளைக்கு என்னா கொறைனு எழுதியிருக்கீங்க? ஆயம்மா சொல்லுச்சு."

"கொறைனு இல்லீங்க. மொகத்தப் பாத்து அதுல என்னா இருக்குனு சொல்லத் தெரியல்ல. அவ்வளவுதான்."

"மொகத்துல என்னா இருக்கும்? மூக்கு இருக்கும்."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எந் தங்கச்சியையும் இப்பிடித்தான் ஒண்ணாப்புலயே மந்தம்னு சொல்லிக் கடைசி வாங்குல ஒக்கார வச்சாங்க. மூணாப்போட நின்னுருச்சு. இப்ப கொழும்புல யாரோ வூட்டுல தட்டு கழுவுது. அது மந்தமில்ல சேர். வாய் தொறந்து பேச வெக்கப்படும், அவ்வளவுதான். இதுவும் அது மாதிரிதான். அந்தப் புள்ளடிய அழிச்சிருங்க."

"பேனாவுல போட்டது. அழிக்க ஏலாதுங்க."

"படிச்சவங்க போட்டா அப்பிடித்தான்," என்றாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மா, பால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே. "ரோட்டுல போட்ட வெள்ளக் கோடு மாதிரி. மழைக்கும் போகாது."

நான் நியாயமாகத்தான் நடந்தேன் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. புத்தகத்தை எடுத்துப் பிறந்தநாள் பக்கத்தை அம்மாவிடம் விரித்தேன். மரக்கிளையில் கொத்தாகப் பலூன். நடுவில் ஒரு பெண்பிள்ளை. சுற்றி நின்று கையைத் தூக்கி, வாயைத் திறந்து பாடுகிற ஆட்கள். முன்னால் கேக்.

அவள் முகம் வாடிவிட்டது. "பொறந்தநாளுதானே இது," என்றாள் மெதுவாக. பிறகு மகளைப் பார்த்து, "ஏண்டி, கேக்கு இருக்குல்ல? எதுக்குடி பயம்னு சொன்ன?"

சிறுமி விரலை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பத்து மாதமாக எல்லாப் பிள்ளைகளிடமும் படத்தில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். என்ன நடக்கிறது என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, இங்க என்னா நடக்குது?"

"எல்லாரும் ஓடியாந்துட்டாங்க."

"எதுக்கு?"

"நடுவுல உள்ளவங்கள குளவி கொட்டிருச்சு."

"கைய எதுக்குத் தூக்கியிருக்காங்க?"

"குளவிய வெரட்டுறாங்க." பிறகு மரக்கிளையில் இருந்த பலூன் கொத்தின் மேல் விரலை வைத்தாள். "கூடு கலஞ்சிருச்சு."

"அப்ப இந்தக் கேக்கு?"

யோசித்தாள். "அது தெரியல்ல."

பெண்கள்தான் எனக்கு விளக்கினார்கள். போன மழைக்காலத்தில் மலையில் குளவிக் கூடு கலைந்து, கொட்டு வாங்கியவர்களைத் தூக்கிவந்து லயத்து வீடுகளுக்கு முன்னால் போட்டிருந்தார்கள். லொறி வரும்வரை லயமே சுற்றி நின்றிருக்கிறது. அப்படிப் படுத்துக் கிடந்தவர்களில் இவள் அம்மாவும் ஒருத்தி. பட்டப்பகலில் எல்லாரும் வேலையை விட்டு ஒரு இடத்தில் கூடி நிற்பதை அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

"எனக்கு அன்னைக்குக் கண்ணே தொறக்க முடியல்ல," என்றாள் அம்மா. "இது எங்க நின்னுச்சுனுகூடத் தெரியாது சேர்."

அந்தத் தனியாக உட்கார்ந்திருக்கிற பையனையும் காட்டினேன். ஏன் சந்தோசம்? "கட்டில்ல அவன் மட்டுந்தான்," என்றாள் சிறுமி. ஆயம்மா கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். "இவங்க வூட்டுல ஒரு கட்டில்ல அஞ்சு பேரு சேர். கால நீட்ட எடமில்ல."

தாய்மார் மலைக்குத் திரும்பிய பிறகு நான் சும்மா இருக்க முடியாமல் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். புத்தகத்தை மூடி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "மூணாவது படம்?" என்று கேட்டேன்.

"கோவம்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஏழாவது?"

"வெக்கம்!"

படத்தைப் பார்க்காமலே சொன்னார்கள். நான் பின்னட்டையை மனப்பாடம் செய்தேன், அவர்கள் என்னை மனப்பாடம் செய்திருந்தார்கள். சரியாகச் சொன்னதும் நான் கை தட்டுவேனே, அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. கதவோரத்துப் பிள்ளை மட்டும் இத்தனை நாளும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னதை எல்லாம், அவள் சொன்ன வார்த்தையிலேயே, கொப்பித்தாள் ஒன்றில் எழுதிப் படிவத்தோடு பின் குத்தினேன்.

வெள்ளிக்கிழமை மாத்தளையிலிருந்து படிவங்களைப் பார்க்கிற அதிகாரி நோனா வந்தார். சிங்களம் பேசுகிறவர், தமிழ் பாதி விளங்கும். நான் பின் குத்திய தாளைத் தூக்கிப் பார்த்து, "இதுக்குப் படிவத்தில் இடமில்லையே," என்றார் சிங்களத்தில். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, புத்தகத்தை வாங்கி, சிறுமியைப் பக்கத்தில் நிறுத்தி, தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்.

"பாப்பா, இங்க என்ன நடக்கிறது?"

சிறுமி ஆயம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "பொறந்தநாளு. ஆயம்மா சொல்லுச்சு, நோனா கேட்டா அப்பிடிச் சொல்லணுமாம்."

ஆயம்மா மடமடவென்று பாலைக் கலக்கினாள். நோனா என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொடுத்த தாள் முழுக்கப் பொய் என்று நினைத்திருப்பார்.

ஆனால் சிறுமி இன்னும் படத்தை விடவில்லை. "இந்த அம்மா பாடல்ல," என்றாள். "வாயப் பொத்திக்கிட்டு நிக்கிது."

நாங்கள் இருவரும் குனிந்தோம். கூட்டத்துக்குப் பின்னால், பாதி மறைந்த ஒரு பெண், உண்மையாகவே வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். பத்து மாதம் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன், அவளை நான் பார்த்ததே இல்லை.

"எதுக்கு வாய் மூடுறாங்க?" என்று நோனா கேட்டார்.

"அழுக வருது. மத்தவங்க பாத்துருவாங்கனு."

நோனா அந்தப் பெண்ணின் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பட்டியலை எடுத்து, சிறுமியின் பெயரின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்துக் கையெழுத்து வைத்தார். என் பிரதியிலும் அதையே செய்தார்.

சிறுமியின் அம்மா வேலை முடிந்ததும் நேரே வந்தாள். பெயர் இல்லை என்றேன். நம்பவில்லை. என்னிடம் இருந்த பிரதியைக் காட்டச் சொன்னாள்.

"அச்செழுத்துனா நானே கூட்டிக் கூட்டி வாசிச்சிருவேன். இது கையெழுத்து. நீங்களே வாசிங்க."

கோடு இழுத்த பெயரைக் காட்டிவிட்டு மிச்சத்தை வாசித்தேன். என் பொறுப்பில் இருந்த மேல் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர்.

"இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன். அவள் ஒரு பெரிய மூச்சு விட்டாள். மகளின் கையைப் பிடித்து வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அந்த ரெண்டையும் கேட்டீங்களா சேர், என்னா நடக்குதுனு?"

கேட்டிருக்கவில்லை. ஒன்று, எந்தப் படத்தைக் காட்டினாலும் "பசி" என்கிற பையன். மற்றது வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை. இரண்டு பேருக்கும் விறுவிறுவென்று புள்ளடி போட்டது மட்டும் ஞாபகம் இருந்தது.

நோனாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். திங்கள் பின்னேரம்வரை பட்டியலை அனுப்பாமல் வைத்திருப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே மேல் தோட்டத்துக்கு ஏறிவிட்டேன். மூடுபனியில் பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரை மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பையன் அப்போதுதான் வந்திருந்தான், ஸ்வெட்டரில் பனித்துளி. அவன் முன்னால் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்து, "இங்க என்னா நடக்குது?" என்று கேட்டேன்.

அவன் படத்தைப் பார்த்தான். பிறகு என்ன சொல்ல வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்தான். நான் என் முகத்தைப் புத்தகத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு காத்திருந்தேன்.