என் மகள் தோற்ற ஆட்டம்

சிறுவயதைப் பற்றி எழுத உட்காரும் என் வயதுக்காரர்கள் தங்கள் சிறுவயதைத்தான் எழுதுகிறார்கள். என்னுடைய சிறுவயதில் எழுதும்படியான குற்றம் எதுவும் இல்லை. நான் எழுத வேண்டியிருப்பது என் மகளின் சிறுவயதில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை. அன்று அவளுக்குப் பதினோரு வயது. எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாத வயது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் பத்தாண்டு அது. நாங்கள் அப்போது சேலையூரில் இருந்தோம். நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். மகன் பன்னிரண்டாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. இருவருக்கும் செஸ் கற்றுக்கொடுத்தது நானே என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் மகனுக்குத்தான் கற்றுக்கொடுத்தேன். அவனுக்குக் காந்தப் பலகை வாங்கித் தந்தேன், புத்தகங்கள் வாங்கித் தந்தேன், மாலையில் ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து ஆடினேன். மகள் ஐந்து வயதில் அந்தப் பலகையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லித்தராமலே அவளுக்கு ஆட்டம் வந்தது. ஒன்பது வயதில் அண்ணனைத் தோற்கடித்தாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் தோற்கடித்தாள். நான்காம் நாளிலிருந்து மகனுக்குப் படிக்க வேண்டியது நிறைய இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்காரவே இல்லை.

பள்ளி மாணவர்களுக்கான மாநிலச் செஸ் போட்டி அந்த வருடம் பல்லாவரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வயதுப் பிரிவு கிடையாது. பள்ளியில் படிக்கும் யார் வேண்டுமானாலும் சேரலாம். மூன்று நாள், ஒன்பது சுற்று. வென்றால் ஒரு புள்ளி, டிராவானால் அரை. வெளியூர்ப் பிள்ளைகள் மாப்பிள்ளை வீட்டார் அறைகளில் பாய் விரித்துப் படுத்தார்கள். கூடத்தில் நீள நீளமாக மேசைகள். முன்னணியில் இருப்பவர்களின் நான்கு பலகைகள் மட்டும் மணமேடை மேல் இருந்தன. அந்த ஆட்டங்களைக் கீழே இருப்பவர்களும் பார்க்கும்படி பின்சுவரில் தொங்கவிட்ட பெரிய பலகைகளில் காட்டினார்கள். பெற்றோர் கீழே கயிற்றுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, தங்கள் பிள்ளை மேடை ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் கூரை அதிரும். பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

முதல் மூன்று இடத்தில் வருபவர்கள் தமிழ்நாட்டு அணியாகத் தேசியப் போட்டிக்குப் போவார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் பொறியியல் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று மகனின் உடற்கல்வி ஆசிரியர் சொல்லியிருந்தார். மகன் வேதியியலில் திணறிக்கொண்டிருந்தான். பேராசிரியரின் பையனுக்கு எங்கே இடம் கிடைத்தது என்று ஜூன் மாதத்தில் என் கல்லூரியில் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கேள்வி ஒரு வருடத்துக்கு முன்பே என்னைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

மகளைச் சேர்த்தது தனியாக வீட்டில் விட முடியாது என்பதற்காக. மூன்று நாளும் நாங்கள் மண்டபத்தில் கிடக்க வேண்டும்; அவளும் ஏதோ ஆடிக்கொண்டிருக்கட்டும் என்றாள் என் மனைவி.

எட்டுச் சுற்று முடிந்தபோது ஒரு கோவைப் பையன் ஏழரைப் புள்ளியோடு முதலில் இருந்தான். அடுத்து ஏழு புள்ளியோடு என் மகள். ஆறரையில் இரண்டு பேர்: ஒருவன் என் மகன், இன்னொருவன் கோவளத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்த பையன். மற்றவர்கள் யாரும் ஐந்தரையைத் தாண்டவில்லை. ஞாயிறு மதியம் கடைசிச் சுற்றுக்கான பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். கோவைப் பையனும் என் மகளும் முன்பே ஒரு சுற்றில் மோதியிருந்ததால், முதல் பலகையில் கோவைப் பையனும் குப்பத்துப் பையனும். இரண்டாம் பலகையில் என் மகனும் மகளும்.

நான் நடுவரிடம் போய், அண்ணன் தங்கையை எப்படி எதிரெதிரே போடலாம் என்று கேட்டேன். கம்ப்யூட்டர் போட்டது சார், நான் என்ன செய்ய என்றார் அவர்.

அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபடியே நான் மனதுக்குள் போட்டுப் பார்த்ததை இப்போது மறைப்பதில் பயன் இல்லை. மகள் வென்றால் மகன் ஆறரையோடு நின்றுவிடுவான். மகன் வென்றால் ஏழரை, நிச்சயம் முதல் மூன்றில் வருவான். அப்போதும் மகளுக்கு ஏழு இருக்கும். கோவைப் பையன் அதுவரை யாரிடமும் தோற்கவில்லை. குப்பத்துப் பையனை அவன் அடித்துவிடுவான். அப்படியானால் மூன்றாவது இடம் மகளுக்கு. என் வீட்டிலிருந்து இரண்டு பேர். மகள் நேர்மையாக ஆடினால் என் வீட்டிலிருந்து ஒருத்திதான். இதை ஒரு தவறு என்றே எனக்குத் தோன்றவில்லை. கணக்கு இவ்வளவு அழகாக வருகிறதே என்று மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

மகன் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மகளைப் பந்திக் கூடத்தின் பின்னால், வரிசையாகக் குழாய்கள் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். அவள் கை கழுவிக்கொண்டே, தனக்குக் கறுப்புக் காய் என்று சொன்னாள். அண்ணன் எந்தத் தொடக்கம் ஆடுவான் என்று தெரியும், அதற்குத் தன்னிடம் பதில் இருக்கிறது என்றாள்.

"இந்த ஆட்டம் அவன் ஜெயிக்கணும்மா" என்றேன்.

அவள் குழாயை மூடினாள்.

"டிரா பண்ணா?"

"பத்தாது. அவன் ஜெயிச்சாதான் காலேஜுக்கு உதவும். நீயும் மூணாவது வந்துடுவ. ரெண்டு பேரும் சேர்ந்து நேஷனல்ஸ் போலாம்."

"அண்ணாவுக்குத் தெரியுமா?"

"தெரியக்கூடாது."

அவள் அழுவாள், கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்து, அதற்கான சமாதானங்களையும் தயாராக வைத்திருந்தேன். அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சும்மா குதிரையத் தூக்கிக் குடுத்தா கண்டுபிடிச்சுடுவான்ப்பா. நான் பாத்துக்கறேன்."

ஆட்டம் தொடங்கியது. நான் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் குப்பத்துப் பையனின் அம்மா. மீன் விற்பவர். முதல் நாள் மகனை அவன் ஆசிரியரோடு அனுப்பிவிட்டு, சனிக்கிழமையிலிருந்து வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்கு ஆட்டம் தெரியாது. பிள்ளைகளின் முகத்தை வைத்து யார் ஜெயிக்கிறார்கள் என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒரு மணி நேரத்தில் நான் நினைக்காதது ஒன்று நடந்தது. மகன் பதற்றத்தில் மோசமாக ஆடினான். அவள் சிரமப்பட்டுத் தோற்க வழி தேடிக்கொண்டிருக்க, அவன் ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வந்தான். இருபத்தோராவது நகர்த்தலில் தன் ராஜாவை முழுவதும் திறந்து வைத்துவிட்டான். அந்த இடத்திலிருந்து எனக்கே தெரிந்தது. ராணியைக் கொண்டு வந்தால் மூன்றே நகர்த்தலில் முடிந்துவிடும்.

அக்காலத்தில் பிள்ளைகளுக்கு, நகர்த்தலை முதலில் தாளில் எழுது, இன்னொரு முறை பலகையைப் பார், பிறகு காயைத் தொடு என்றுதான் சொல்லிக்கொடுப்போம். அவசரத்தைக் குறைக்க அது ஒரு உபாயம். மகள் பேனாவை எடுத்து எழுதினாள். பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. பிறகு காயைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.

பக்கத்து நாற்காலியம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னா சார், உன் பொண்ணு இன்னிக்கி இவ்ளோ யோசிச்சிகினு கீது? நேத்து என் புள்ளையாண்ட ஆடசொல்ல டக்கு டக்குனு வெச்சிச்சே."

கஷ்டமான இடம் என்றேன்.

"மூஞ்சப் பாத்தா அப்டி தெர்ல சார். ஜெயிச்ச மூஞ்சி அது. அண்ணன்காரனாச்சேன்னு பாவம் பாக்குதோ இன்னாவோ" என்று சிரித்தார்.

அப்போது மகள் மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். எதிராளியைத் தவிர யாரையும் பார்க்காதே என்று நான் சொல்லிக்கொடுத்திருந்ததை மீறி, தலையைத் திருப்பி நேராகப் பார்த்தாள். அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. இவ்வளவு நல்ல ஆட்டம் வந்துவிட்டது, இதையுமா என்று கேட்டாள். நான் லேசாகத் தலையசைத்திருந்தால் போதும். நான் குனிந்து, காலடியில் இருந்த பையில் எதையோ தேடினேன். அதில் தண்ணீர் பாட்டிலும் என் மனைவியின் குடையும்தான் இருந்தன. குழாயடியில் சொன்னதையாவது அவசரத்தில் சொன்னேன் எனலாம். இதைப் பத்து நிமிடம் யோசித்துச் செய்தேன்.

நிமிர்ந்தபோது அவள் எழுதியதை அடித்துவிட்டு வேறொன்று எழுதிக்கொண்டிருந்தாள். யானையை ஒரு கட்டம் நகர்த்தினாள். பார்ப்பவர்களுக்கு ஜாக்கிரதையான நகர்த்தலாகவே தெரியும். அதற்குப் பிறகு மகன் வெல்ல இன்னும் முப்பது நகர்த்தல் ஆயிற்று. கடைசிவரை ஒவ்வொன்றையும் அவள்தான் அவனுக்கு வழிகாட்டிக் கொடுத்தாள். அவனுக்கு அது தெரியவில்லை. கை குலுக்கினார்கள். அவன் எழுந்து அவள் தலையில் தட்டினான். நல்லாத்தான் ஆடின, கடைசியில பயந்துட்ட, பெரியவங்ககூட ஆடற நிதானம் உனக்கு இன்னும் வரல என்று படியிறங்கும்போது அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தான். அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

என் மனைவிக்கு எதுவும் தெரியாது. அண்ணன்கிட்டதானே தோத்த, போகட்டும் என்றாள்.

கால் மணி நேரம் கழித்து மேடையில் சலசலப்பு. முதல் பலகையில் கோவைப் பையன் தன் ராஜாவைப் படுக்கவைத்துவிட்டு எழுந்தான். குப்பத்துப் பையன் ஜெயித்துவிட்டான்.

கூட்டிப் பார்க்கச் சுவருக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கோவைப் பையன் ஏழரை, குப்பத்துப் பையன் ஏழரை, என் மகன் ஏழரை. மகள் ஏழு. நான்காவது. யானைக்குப் பதிலாக ராணியை நகர்த்தியிருந்தால் அவளுக்கு எட்டு. அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் எட்டு இல்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் மாநிலத்தில் முதலாவதாக வந்திருப்பாள்.

நான்காவதாக எவன் வருவான் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேனோ, அந்தப் பையனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக என் மகளிடம்தான் வந்தார். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நீ மனசு உட்றாத கண்ணு. என் புள்ளைய இங்க அடிச்சது நீ ஒருத்திதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தை வைத்து ஆட்டத்தைச் சொல்பவர் அவர். நான் நகர்ந்து போய் மகனுக்குக் கைகொடுத்தேன்.

பரிசளிப்பில் மகனுக்குக் கோப்பையும் சான்றிதழும் கிடைத்தன. மிக இளைய வீராங்கனை என்று மகளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

சான்றிதழ் பயன்பட்டது. மகன் பொறியாளராகி வெளிநாட்டில் இருக்கிறான். தன் பிள்ளைகளிடம், மாநில அளவில் செஸ் ஆடினவன் நான் என்று சொல்லும்போது தொலைபேசியில் என்னைச் சாட்சிக்கு அழைப்பான். நானும் ஆமாம் என்பேன். மகள் இன்னும் மூன்று வருடம் ஆடினாள். பத்தாம் வகுப்பு வந்ததும் போதும் என்று நான்தான் சொன்னேன். சரி என்றாள். பிறகு, அண்ணன் படிப்புச் செலவு முடியட்டும் என்று வெளியூர்க் கல்லூரியை விடச் சொன்னேன். அம்மாவுக்கு முடியவில்லை என்று வேலையை விடச் சொன்னேன். ஒவ்வொரு முறையும், குழாயடியில் யோசித்ததுபோலக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அவள் சரி என்றதை அவளுடைய குணம் என்று ஊரெல்லாம் புகழ்ந்தேன்.

அன்று மாலை பல்லாவரத்திலிருந்து மின்ரயிலில் திரும்பினோம். மகனும் மனைவியும் எதிர் வரிசையில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஜன்னலோரம், என் பக்கத்தில். குரோம்பேட்டை தாண்டியது. நேஷனல்ஸைப் பற்றிக் கேட்கப் போகிறாள், என்ன சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அண்ணனுக்குக் கேட்காதபடி என் காதருகே வந்தாள்.

"அண்ணாவால என்ன ஜெயிக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்லப்பா?"

"தெரியும்."

"அதனாலதான எங்கிட்ட கேட்டீங்க?"

"ஆமாம்மா" என்றேன்.

அன்று முதல் முறையாக அவள் முகம் மலர்ந்தது. கோப்பையைவிடப் பெரிய ஒன்று தனக்குக் கிடைத்துவிட்டதாக நினைத்தாள். அவள்தான் வலிமையானவள் என்று அப்பாவே ஒப்புக்கொண்டுவிட்டார், வேறென்ன வேண்டும்.

நான் சொன்னது பொய். வலிமை மகனிடமும் தேவை அவளிடமும் இருந்திருந்தால், அவனைத் தோற்கச் சொல்லும் எண்ணமே எனக்கு வந்திருக்காது. அவள் பெண் என்பதால்தான் அவளிடம் கேட்டேன். பதினோரு வயதில் அது அவளுக்குத் தெரியவில்லை. அதனால் தாம்பரம் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.