அரை வீட்டுக்குச் சொந்தக்காரி

எங்கள் அத்தைக்கு ஊரில் பேர் கண்ட்ரோல். டாக்ஸி கம்பெனி ஒன்றில், ஜன்னல் இல்லாத அறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தச் சவாரிக்குப் போக வேண்டும் என்று சொல்வதுதான் அவள் வேலை. "கண்ட்ரோல், கண்ட்ரோல், மார்க்கெட் பக்கம் இருக்கேன், ஏதாவது இருந்தா போடுங்க" என்று டிரைவர் கத்துவான். "டீ குடிச்சு முடிச்சாச்சா? வாயைத் துடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போ, ஒரு அம்மா நிக்கறாங்க" என்பாள் இவள். அவன் டீ குடித்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. எந்தத் தெருவில் எப்போது நெரிசல், எந்த சிக்னல் சோம்பேறி, எல்லாம் அத்துப்படி. அதில் பாதித் தெருவில் அவள் கால் வைத்ததே கிடையாது.

அப்புறம் தசை தளரும் நோய் வந்தது. முதலில் கால் மக்கர் பண்ணியது, பிறகு இடுப்பு, பிறகு வலது கை. கம்பெனி மாலை போட்டு அனுப்பி வைத்தது. நானும் அப்பாவும் இருக்கும் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் ஓர் அறை பிடித்தோம். கட்டில், சக்கர நாற்காலி, ஒரு அடுப்பு. இவை போக ஒரு பக்கெட் வைக்கத்தான் இடம் மிச்சம்.

அந்த அறைக்கு வாடகையும், சாப்பாட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகையும் உதவித்தொகை ஆபீஸ் கொடுத்தது. அதைவிடப் பெரிய விஷயம், ஆபீஸ் செலவில் காலையும் மாலையும் ஒரு பெண் வருவாள். அத்தையைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைப்பாள். ராத்திரி மறுபடி படுக்க வைப்பாள். வேலை செய்யும்போது விசிலடித்துக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்கு விசில் என்று நான்தான் பேர் வைத்தேன். எங்கள் வீட்டில் வேறு பெண் கிடையாது. அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. அப்பா வாட்ச்மேன், நான் பள்ளிக்கூடத்துக்குப் பாதியில் டாட்டா காட்டிவிட்டுப் பஞ்சர் கடையில் இருப்பவன். என்னைக் குளியலறைப் பக்கம் அத்தை அண்ட விடமாட்டாள். "நீ டயரைக் கழட்டி மாட்டு, போதும். என்னைக் கழட்ட வேணாம்" என்பாள்.

இந்த உதவிக்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை. அவள் பேரில் சேரும் பணமோ சொத்தோ ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. எங்கள் குடும்பத்தில் காசு சேர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்ட ஒரே ஜீவன் அத்தைதான். மற்றவர்களுக்கு அந்த ஆபத்தே வந்ததில்லை.

கடையில் ஈயோட்டும்போது நான் அவளுக்கு போன் போடுவேன். குரலை மாற்றி, "ஹலோ கண்ட்ரோல், நிலாவுக்கு ஒரு வண்டி வேணும்" என்பேன்.

"எத்தனை பேர்?"

"நான் மட்டும்தான்."

"போறதுக்கு மட்டுமா, திரும்பி வரணுமா? போறதுக்கு மட்டும்னா பாதி ரேட்டு. ஊருக்கே நல்லது" என்று வைத்துவிடுவாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய வீட்டில் பெரியப்பாவும் பெரிய அத்தையும் இருந்தார்கள். இரண்டு பேரும் கல்யாணம் கட்டாதவர்கள். வீடு பெரியப்பா சம்பாதித்தது. பெரிய அத்தை கூடத்தில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். ஒருநாள் பெரியப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. உயில் எழுதி வைத்திருந்தார். பாதி வீடு பெரிய அத்தைக்கு, பாதி கண்ட்ரோல் அத்தைக்கு. அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அவருக்கென்று பெரியப்பா எப்போதோ கொடுத்த பணத்தை ஜெராக்ஸ் கடை வைத்துத் தீர்த்துவிட்டார்.

"பாவம், அவளுக்கு யார் இருக்கான்னு நினைச்சிருக்காரு அண்ணன்" என்று அப்பா அழுதார். நான், "அம்மணி, ஜமீன்தாரிணி அவர்களே, பாக்கி வாடகையெல்லாம் தள்ளுபடி பண்ணுங்க" என்று நாற்காலிக்கு முன் குனிந்து நின்றேன். அத்தை சிரிக்கவில்லை. விசிலும் அன்றைக்கு விசிலடிக்கவில்லை. அவள் இன்னும் நாலைந்து வீட்டில் இந்த வேலை செய்கிறவள், அதில் ஒரு வீட்டில் இதே கூத்தைப் பார்த்திருக்கிறாள். "ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னோம். மறைக்கலாம் என்றார் அப்பா. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆபீஸிலிருந்து ஓர் அம்மா வந்தார். தங்கமான மனுஷி. கோபப்படவாவது தோதாக இருந்திருக்கலாம், அதற்கும் வழியில்லாமல் அவ்வளவு பொறுமையாகப் பேசினார்.

"பாதி வீடு உங்களோடது. அதோட மதிப்பு வரம்பைத் தாண்டுது. அதை வித்து நீங்களே ஆள் வச்சுக்கலாம்னுதான் விதி எடுத்துக்கும். அடுத்த மாசத்தோட எல்லாம் நிக்கும். வாடகை, உதவித்தொகை, அந்தப் பொண்ணு."

"அந்தப் பாதியில என் அக்கா குடியிருக்காம்மா."

"உங்க பங்கைப் பிரிச்சுக் குடுன்னு நீங்க கேஸ் போடலாம். போட முடியும்ங்கறதால அது உங்க கையில இருக்கறதாத்தான் அர்த்தம்."

"எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா?"

"வேணும்னே கைவிட்டதா எடுத்துக்குவாங்க. இருக்கற மாதிரியேதான்."

நான் நடுவில் புகுந்தேன். "வீடு இடிஞ்சு விழுந்துட்டா?"

"மனைக்கும் மதிப்பு இருக்கு தம்பி" என்றார் அந்த அம்மா. இதை ஏற்கெனவே யாரோ கேட்டிருக்க வேண்டும்.

எழுந்திருக்கும்போது அவரே ஒரு வழி சொன்னார். "நீங்களே அந்த வீட்டுல குடியிருந்தா கணக்குல வராது. சொந்தமா வசிக்கற வீட்டை விட்டுடுவாங்க."

எல்லோர் முகத்திலும் விளக்கு எரிந்தது. அத்தை மட்டும் சொன்னாள்: "அந்த வீட்டு வாசப்படியை நீங்க பார்த்ததில்ல."

வாசலில் படிகள் உயரம் உயரமாக இருக்கும். எப்போதோ வெள்ளம் வந்த பயத்தில் கட்டியது. நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அத்தை அந்த வீட்டுக்குள் போனதில்லை. பெரியப்பாவைப் பார்க்கப் போனால்கூட டாக்ஸியிலிருந்தே பேசிவிட்டு வருவாள்.

செய்தி கேட்டு, பழைய டிரைவர்கள் படை திரண்டார்கள். தலைவர் ஹாரன். பேச ஆரம்பித்தால் எதிரில் வருகிறவன் ஒதுங்கித்தான் ஆக வேண்டும் என்பதால் அந்தப் பேர். "கண்ட்ரோலுக்கு ஒரு சரிவுப்பாதை போட்டுக் குடுக்க மாட்டமா? நாங்க செத்தா போயிட்டோம்?" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் மூட்டை, ஜல்லி, கம்பி எல்லாம் வந்து இறங்கின. என்னையும் சட்டி தூக்க வைத்தார்கள். பெரிய அத்தை தையலை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மொண்டு மொண்டு கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் பாதை எழும்பி நின்றது. பார்க்க அவ்வளவு அம்சம். ஓரத்தில் மஞ்சள் கோடுகூட அடித்திருந்தார்கள்.

சிமென்ட் இறுகியதும் அத்தையை டாக்ஸியில் கூட்டிக்கொண்டு போனோம். பாதைக்குக் கீழே நாற்காலியை நிறுத்தினோம். அத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஹாரன், இதை எதைப் பார்த்துப் போட்டே?"

"ஒர்க்‌ஷாப்ல வண்டிக்கு அடியில வேலை பார்க்க ஒரு மேடை இருக்கும் பாரு, அதே அளவு. அம்பாஸடரே ஏறும் கண்ட்ரோல்! நாற்காலி ஏறாதா?"

"அம்பாஸடருக்கு இன்ஜின் இருக்குடா!"

ஹாரன் தள்ளினார். பாதி தூரம் வரை வீரமாகப் போனார். அதற்குமேல் நாற்காலி அவரைத் தள்ள ஆரம்பித்தது. இன்னும் இரண்டு டிரைவர்கள் பின்னால் முட்டுக் கொடுத்தார்கள். நானும் ஒரு தோள் கொடுத்தேன். அத்தை இடது கையால் பிடியை இறுக்கிக்கொண்டு, "ரிவர்ஸ், ரிவர்ஸ், எல்லாரும் ரிவர்ஸ்!" என்றாள், மைக்கில் சொல்வது போலவே. எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள்.

பிறகு நாங்கள் நாலு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். வாசல் கதவு குறுகல். நாற்காலி நிலையில் இடித்து நின்றது. உள்ளே, பின்கட்டில், குளியலறைக்கு இறங்கும் படிகள் அங்கிருந்தே தெரிந்தன. தன் பாதி வீட்டின் வாசலில் அத்தை சற்று நேரம் உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். சுவரில் பெரியப்பாவின் சட்டை இன்னும் ஆணியில் தொங்கியது.

"கதவை இடிச்சுடலாம்" என்றார் ஹாரன்.

"எதை எதையெல்லாம் இடிப்பே?" என்றாள் அத்தை.

மறுநாள் நான் ஆபீஸ் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டபோது மிச்சமும் தெரிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு ஆபீஸ். கதவை இடித்து, குளியலறையை உயர்த்தி, அத்தை அங்கே போனாலும் புதிதாக மனுப் போட வேண்டும். உதவிப் பெண்ணுக்கு வரிசை இருக்கிறது. "எப்ப வருவாங்க?" என்றேன். "முன்னாடி இருக்கறவங்களுக்கு வந்ததுக்கப்புறம்" என்றார். அவரிடம் நான் ஜோக்கடிக்கவில்லை.

அன்று மாலை பெரிய அத்தை தேடிக்கொண்டு வந்துவிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வந்ததும் வராததுமாக, "வித்துடலாம்டி" என்றாள்.

"வித்துட்டு நீ எங்க போவே?"

"எங்கயாவது ஒண்டிக்கறேன்."

"மெஷினைத் தலைமேல வச்சுக்கிட்டா? பாதிக் காசுல உனக்கு ஒரு குளியலறைகூடக் கிடைக்காது. என் பாதியில நான் விசிலுக்குச் சம்பளம் குடுப்பேன். அது கரையற வரைக்கும் அவ வருவா. கரைஞ்சதும் பழையபடி ஆபீஸ் வாசல்ல போய் நிப்பேன், அவங்களும் பழையபடி குடுப்பாங்க. நான் இருந்த இடத்துலயே இருப்பேன். நீ மட்டும் தெருவுல இருப்பே. நல்லா இருக்கா?"

"அதுக்காக உன்னை யாருடி தூக்குவா?"

வாழ்நாள் முழுக்க எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று தெரிந்திருந்தவளுக்கு அனுப்ப ஒரு வண்டியும் இல்லை. விசில் மூலையில் நின்று, மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

பெரிய அத்தைதான் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "ஏம்மா, எப்படித் தூக்கறேன்னு எனக்குக் காட்டு."

"உங்க முட்டி தாங்காதும்மா" என்றாள் விசில்.

"முட்டியைக் கேட்டுக்கிட்டா எல்லாம் செய்யறோம்?"

என்னை வெளியே போகச் சொன்னார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒரே சத்தம். "இடுப்பை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க!" "மடக்கினா எந்திரிக்க முடியலையே!" "ஐயோ அக்கா, என் முடி, என் முடி!" "நீ என்ன இவ்வளவு கனமா இருக்கே?" "அரை வீட்டைச் சேர்த்துத் தூக்கறே இல்ல, அதான்." அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம், அப்புறம் சிரிப்பு இல்லாத ஒரு சத்தம். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

மாசம் முடிந்தது. எல்லாம் நின்றது. விசில் கடைசியாக வந்த அன்று அத்தைக்குத் தலை பின்னிவிட்டு, வேண்டுமென்றே சீப்பை மறந்து வைத்துவிட்டுப் போனாள். வாடகையை அப்பா பார்த்துக்கொள்கிறார். அதாவது இரண்டு ஷிப்ட் பார்க்கிறார். காலையில் வீட்டில் அவர் இருப்பதில்லை.

பெரிய அத்தை தினமும் பாலம் தாண்டி பஸ்ஸில் வருகிறாள். அத்தையைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, பையில் கொண்டுவந்த சீருடைகளுக்குப் பட்டன் தைக்கிறாள். தைத்துக்கொண்டே திட்டுகிறாள். சாயங்கால பஸ் கூட்டத்துக்கு முன்னால் திரும்ப வேண்டும், வீட்டில் மெஷின் தையல் காத்திருக்கிறது. அதனால் தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல் அத்தையைப் படுக்க வைத்துவிடுகிறாள். வெயில் சுவரில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு அத்தை படுத்திருப்பாள். நான் கடையிலிருந்து நிலாவுக்கு வண்டி கேட்டு போன் பண்ணுவேன். "வண்டி இல்லை" என்பாள். ஆனால் போனை வைக்கமாட்டாள்.

நேற்றுக் காலை நல்ல மழை. கடைக்குப் போகும் வழியில் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அத்தை மல்லாந்து படுத்தபடி, இடது கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். முகம் வேர்த்திருந்தது. எதற்காக வேர்த்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ராத்திரி பூராவும் அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

"அத்தே, மேல் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடட்டுமா?"

வேண்டாம் என்று கண்ணாலேயே அதட்டினாள். போனில் பெரிய அத்தையின் குரல் எனக்கே கேட்டது. பஸ் பாலத்துக்கு மேலே நிற்கிறதாம், எறும்பு மாதிரிகூட நகரவில்லையாம்.

"எந்த லேன்ல நிக்குது?" என்றாள் அத்தை. "இடது பக்கமா? அப்ப முன்னாடி ஏதோ வண்டி பிரேக்டவுன். அதைத் தள்ளிவிட்டாத்தான் வழி. பாலம் இறங்கினதும் மார்க்கெட் சிக்னல் இந்த நேரத்துக்கு உனக்குப் பச்சை விழும், கவலைப்படாதே."

"நான் இறங்கி நடந்தே வந்துடறேன்டி. நீ எவ்வளவு நேரம்..."

"இறங்காதே. இந்த முட்டியை வச்சுக்கிட்டு மழையில நடக்கறியா? நீ விழுந்தா உன்னைத் தூக்க ஆள் அனுப்ப எங்கிட்ட வண்டி இல்ல. அப்படியே உட்காரு."

அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பழைய மைக் குரலில் சொன்னாள்:

"நிதானமா வா அக்கா. நான் எங்கயும் போயிட மாட்டேன்."