சிவப்பு வெள்ளைக் கூடைகள்

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் ஆண்பிள்ளை முகம் பார்ப்பதென்றால், ஒன்று பெருநாளாக இருக்க வேண்டும், இல்லை யாராவது லீவில் வந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரரும் துபாயில்தான். நிக்காஹ் முடிந்து ஆசை தீருமுன்னே விமானம் ஏறிவிட்டார். பொழுதைப் போக்கத்தான் நான் ஒயர் கூடை பின்ன ஆரம்பித்தேன்.

யார் பயணம் கிளம்பினாலும் தெருவே அவர் கையில் பார்சல் கொடுத்துவிடும். நான் கொடுக்கும் ஊறுகாயும் மிக்சரும் கூடையில்தான் போகும். ஒவ்வொரு கூடைக்கும் வேறு நிறம், வேறு முடிச்சு. ஆனால் அவருக்குப் பிடித்த பச்சை ஒரு வரிசையாவது வந்துவிடும். கடிதம் எழுதினால் மாமி, அதாவது அவருடைய அம்மா, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கூடையை யாரும் படித்துப் பார்க்க முடியாதே.

ஒரு லீவு முடிந்து கிளம்பும்போது, "இங்கயே நிலையா ஒரு வருமானம் இருந்தா நான் ஏன் புள்ள போறேன்?" என்றார். சும்மா சொன்னாரோ என்னவோ, நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பெரம்பலூர் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் முன்பே என் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எத்தனை போட்டாலும் எடுத்துக்கறேம்மா. ஆனா செவப்பும் வெள்ளையுந்தான் ஓடும்" என்று சொல்லியிருந்தார். ரொம்ப நாள் யோசித்தேன். ஆசைக்குச் செய்வதையே பிழைப்பாக்கிவிட்டால், அப்புறம் ஆசைக்கு எங்கே போவது? ஆனாலும் அவரே வந்துவிட்டால் யாருக்குக் கூடை அனுப்பப் போகிறேன் என்று தோன்றியதும் சம்மதித்துவிட்டேன்.

அதன் பிறகு விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தால் இரவு இஷா தொழுகை வரை சிவப்பு வெள்ளைதான். விரல் நுனி வெடித்து, குழம்பில் கை வைத்தால் எரிந்தது. மாமி ஒரு வார்த்தை குறை சொல்லாமல் அடுப்படியைத் தன் பொறுப்பாக்கிக்கொண்டார். மகன் வருவான் என்ற நப்பாசை அவருக்கும் இருந்தது. பச்சை ஒயர் சுருள் ஜன்னல் கம்பியிலேயே தொங்கியது. துபாய்க்குப் பார்சல் பாலிதீன் பையில் போனது.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அவர் போன் செய்வார்.

"வூடு என் கைவேலையிலயே ஓடுதுங்க. நீங்க அனுப்புறதை நாங்க தொடவே இல்ல. டிக்கெட் போட்டு வந்துருங்க."

"மாஷா அல்லாஹ்!" என்றார். நிஜமான சந்தோஷம், குரலிலேயே தெரிந்தது. "அப்ப இன்னும் ரெண்டு வருஷம் நான் இருந்துட்டேன்னா மாடி எடுத்துடலாம் புள்ள."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாடி யாருக்குங்க? கீழ் வூட்லயே நானும் மாமியுந்தானே கெடக்கோம்?"

மாமி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

சொன்னபடி மாடி வந்தது. அவர் வரவில்லை. நல்ல வெளிச்சமான அறை. அங்கே உட்கார்ந்துதான் கடைக்குக் கூடை பின்னினேன்.