வரிசையில் முதல் ஆள்

செனோபியா மலைநாட்டிலிருந்து பெருவின் தலைநகர் லீமாவுக்கு வந்தது வீட்டுவேலைக்கு. முதுகு வளையத் தொடங்கியதும் பார்லிக்கஞ்சி வண்டி போட்டாள். தொற்று வந்த வருடம் வண்டியை வீட்டுக்குள் தள்ளிவிட்டு, எங்கள் மணல்மேட்டில் பொது உலை வைத்தாள். சந்தையில் கழித்துப்போட்ட உருளைக்கிழங்கு, கோழிக்கால், உடைத்த பலகை விறகு. அவள் வராமல் அந்த அடுப்பு எரிந்ததில்லை.

மறுவருடம் தேர்தல். ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். போனாலும் வம்பு. வாக்குச்சாவடி மேசையில் அதிகாரிகளாக உட்கார வேண்டியவர்கள் வராவிட்டால், வரிசையில் முதலில் நிற்பவர்களைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். பொழுது சாயும்வரை ஊர்மூச்சு முழுவதும் அவர்கள் முகத்தில். அதனால் அன்று காலை பள்ளிக்கூட வாசல் காலி. எதிர்ச்சுவரோரம் முகக்கவசங்களோடு கூட்டம்.

மதிய உலைக்குத் திரும்ப வேண்டிய செனோபியாவும் சுவரோரம்தான் நின்றாள்.

"ஏன்க்கா நிக்கிற? உள்ள போ," என்றான் பக்கத்து வீட்டுத் தச்சன் ஃபோர்துனாத்தோ. "நாற்காலியெல்லாம் நெறஞ்சாச்சு. எட்டிப் பாத்துட்டுதான் வர்றேன்."

"அப்ப நீ ஏன்டா வெளிய நிக்கிற?"

"எனக்கென்ன அவசரம்? என் வீட்லயா உலை கொதிக்குது? உன்ன நம்பித்தானே எங்க வயிறு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வழி விட்டார்கள். தன் உலைச் சூப்பைக் குடிப்பவன் இதில் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்துப் போனாள்.

வாசலில் இருந்த அதிகாரி அவள் அடையாள அட்டையை வாங்கினார். திருப்பித் தரவில்லை.

"ஐயா, மேட்டுல எல்லாருக்கும் நான்தான் சமைக்கணும்."

"நாடு முதல்லம்மா. உள்ள போய் உக்காருங்க."

அவள் உட்கார்ந்த பிறகு கூட்டம் நுழைந்தது. ஃபோர்துனாத்தோ கையை முழுக்க நீட்டி அட்டையைக் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் சட்டிகளோடு வந்தவர்கள் எரியாத அடுப்பைச் சுற்றி நின்றார்கள். மூட்ட யாருக்கும் தோன்றவில்லை.

"அங்க உக்காந்தா காசு தர்றாங்களாம். அதான் மகராசி உக்காந்துட்டா," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சில நாளில் அவளுக்குக் காய்ச்சல். எங்கள் மேட்டில் எதையும் கைதூக்கித்தான் முடிவு செய்வோம். அவள் வீட்டெதிரே கூடினோம். செனோபியா உலைப் பக்கம் வரக்கூடாது: எல்லாக் கைகளும் எழுந்தன. அவளுக்கும் ஒரு தட்டு உண்டு: அதற்கும் எழுந்தன. அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, தட்ட யாரு கொண்டுபோய்க் குடுக்கிறது?"

தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"அவளே வந்து எடுத்துக்கட்டுமே," என்றான் ஃபோர்துனாத்தோ.

"வரக்கூடாதுன்னு இப்பத்தானே முடிவு பண்ணோம்," என்றாள் ஒருத்தி.

கூட்டம் கலைந்தது.