மோட்டார் நின்ற மத்தியானம்

என் மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது, அடுத்த வீட்டுச் சீன ஆன்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு, "பேபி இன்னும் ஆஸ்பத்திரியிலா?" என்று கேட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்து நாலு மாதத்துக்கு மேலாகியிருந்தது. கிள்ளானில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உள்ளேதான் இருக்கிறாள், தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அவளுடைய அழுகை ஒரு தடவைகூட அந்தச் சுவரைத் தாண்டியதில்லை.

வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். என் கணவரின் அக்கா எங்களோடு இருந்தார். அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். மூன்று பிள்ளை வளர்த்தவர். "என் மூணும் ராட்சசங்க. இது தங்கம் லா, வச்ச எடத்துல இருக்கு" என்பார். வைத்த இடத்தில் இருந்தாள் என்பது உண்மைதான். வைத்த மாதிரியேதான் இருந்தாள். கால் இரண்டும் தவளைக்காலாக அகன்று, கைகள் இரண்டு பக்கமும் விழுந்து, கண்ணை மட்டும் உருட்டி நான் போகிற பக்கமெல்லாம் பார்ப்பாள். சிரிக்க மாட்டாள். மேலுதடு நடுவில் கூரைபோல ஏறி, வாய் லேசாகத் திறந்திருக்கும். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட முகம். நான் சமைக்கும்போது அந்தப் பார்வை முதுகில் இருக்கும். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த ஊரில் எந்த இனத்து வீடானாலும் பிள்ளை பிறந்தால் ஸ்பிரிங் தொட்டில் வந்துவிடும். மேலே ஒரு கம்பி, அதில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் சாரோங் துணி. பிள்ளை உதைத்தால் தொட்டில் தானாகக் குதிக்கும். அந்தக் கிரீச்சுச் சத்தத்தை வைத்தே பிள்ளை விழித்துவிட்டது என்று அடுப்படியில் இருப்பவளுக்குத் தெரியும். என் கணவர் துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டுபவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, தொட்டிலை ஆட்டிவிடும் கரண்ட் மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டினார். அது நாள் முழுக்க ஆட்டியது. தொட்டில்தான் ஆடுகிறதே என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. காற்றாடி நின்றது, மோட்டார் நின்றது, தொட்டில் இரண்டு தடவை துள்ளி அடங்கியது. ஆட்டம் நின்றதும் எந்தப் பிள்ளையும் சிணுங்கி உதைக்கும். நான் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஸ்பிரிங் அசையாமல் நேராகத் தொங்கியது. அசந்து தூங்குகிறாள் போல என்று துணியை விலக்கினேன். முழித்திருந்தாள். எவ்வளவு நேரமாகவோ தெரியாது, கண்ணை அகலத் திறந்து, என் முகம் வரப்போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி, அண்ணி என்று கத்தினேன்.

"என்னம்மா, நல்லாதானே இருக்கு?" என்றபடி வந்த அண்ணி, அக்குளில் கைகொடுத்து அவளைத் தூக்கினார். பிள்ளையின் தோள் இரண்டும் காதுவரை ஏற, உடம்பு அவர் கைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. அண்ணி பதறிப்போய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அவளைத் தங்கம் என்று சொல்லவில்லை.

மறுநாள் அரசாங்க கிளினிக்கில், தாதி பிள்ளையின் புத்தகத்தில் மலாயில் 'லெம்பிக்' என்று எழுதினார். குழைந்துபோன சோற்றுக்கும் சொங்கி ஆளுக்கும் சொல்கிற வார்த்தை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அங்கிருந்த இளம் டாக்டர் அதன் பக்கத்தில் 'ஹைப்போடோனியா' என்று எழுதினார். அந்தப் பெயர் கொஞ்சம் மரியாதையாக இருந்தது. நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது, இனி மருந்து கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் குழந்தைகளுக்கான நரம்பு டாக்டர் ஒருவரிடம் போகச் சொன்னார்கள். தலையில் துடோங் முக்காடு அணிந்த மலாய்க்கார அம்மா. ஆங்கிலமும் மலாயும் கலந்து, என்னை மரியாதையாகப் 'புவான்' என்று அழைத்து, எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அது நோயோட பேர் இல்ல, புவான். காய்ச்சல் மாதிரி அது ஒரு அடையாளம். காரணம் வேற எங்கயோ இருக்கு" என்றார். சும்மா இருக்கும்போதும் தசை கொஞ்சம் முறுக்கோடு தயாராக இருக்குமாம். அதற்குத்தான் டோன் என்று பெயர். வலு என்பது வேறு, உதைப்பதும் இழுப்பதும் வலு. சில பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் குறையும், சிலருக்கு இரண்டும். பிள்ளையைக் குப்புற உள்ளங்கையில் ஏந்தினார். கொடியில் போட்ட ஈரத் துண்டுபோலத் தொங்கினாள். கைகளைப் பிடித்து உட்கார இழுத்தார். உடம்பு வந்தது, தலை வரவில்லை. பிறகு அவள் வாய்க்குள் விளக்கடித்து நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதற்கு என்று கேட்டேன். "நாக்கு துடிக்குதான்னு பாக்குறேன். துடிச்சா, முதுகுத்தண்டு நரம்பு சாகுதுன்னு சந்தேகப்படணும்."

"அப்படின்னா?"

"அது மூச்சு வரைக்கும் போகலாம்." ரத்தம் எடுத்தார். முடிவு வர ஆறு வாரம் ஆகும் என்றார்.

அந்த ஆறு வாரமும் எனக்கு நாக்கு பார்ப்பதுதான் வேலை. அவள் தூங்கியதும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கன்னத்தை அமுக்கிப் பார்ப்பேன். உற்றுப் பார்த்தால் எதுவும் அசைவது போலத்தான் இருக்கிறது. ஒரு நாள் நாக்கின் ஓரத்தில் தோலுக்கு அடியில் ஏதோ நெளிந்தது; மறுநாள் ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் அவள் விழித்திருப்பாள். நான் தேடுவது எது என்று தெரிந்த மாதிரி, வாயை மூடாமல் எனக்குக் காட்டிக்கொண்டிருப்பாள். "எங்க பக்கம் யாருக்கும் இப்படி கெடையாது" என்று அண்ணி ஒரு நாள் ஆரம்பித்தார். "எங்க பக்கமும் கெடையாது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஏழாவது வாரம் ரயிலில் வந்து கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிள்ளையைத் துணியில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தேன். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "அந்த நோய் இல்ல, புவான்" என்றார். அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

அவர் எழுந்து என்னிடம் கையை நீட்டினார். விடைகொடுக்கிறார் என்று நினைத்தேன். இங்கே பெண்கள் சந்தித்தாலும் பிரிந்தாலும் சலாம்தான். விரலால் விரலைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் தொடவில்லை, என் கையை அழுத்திப் பிடித்தார். நன்றியில் நானும் இறுக்கிப் பிடித்தேன்.

"இப்ப சட்டுனு விடுங்க" என்றார்.

விட்டேன். விட்டேன் என்றுதான் நினைத்தேன். என் விரல்கள் அவர் கையைச் சுற்றியபடியே இருந்தன. ஒவ்வொன்றாக, தூக்கக் கலக்கத்தில் எழுவதுபோல மெதுவாக விரிந்தன.

"இது எப்ப இருந்து?"

"எப்பவுமே இப்படித்தான் டாக்டர். ஏர்கோன் குளிருக்கு கொஞ்சம் கூடும்." எல்லார் கையும் அப்படித்தான் என்று முப்பத்தொரு வருஷம் நான் நினைத்திருந்தேன்.

அவர் என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். "ஒரு தடவ சிரிங்க, புவான்."

"சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன், டாக்டர்."

அவர் என் வாயையும் பிள்ளையின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உட்கார்ந்து எனக்கு இன்னொரு சொல்லை எழுதிக் காட்டினார்: மயோடோனியா. பிடித்த தசை விடாமல் நிற்பது. பிள்ளைக்குத் தசை பிடிக்கவே இல்லை, எனக்குப் பிடித்தது விடவில்லை. இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம், இன்னொரு ரத்தப் பரிசோதனை உறுதியாகச் சொல்லும் என்றார். அம்மாவிடம் லேசாக இருப்பது பிள்ளைக்குப் போகும்போது கூடிவிடுமாம். பெரியவர்களுக்கோ வயது ஏற ஏறத் தசை தளர்ந்துகொண்டே போகுமாம். எங்கள் பக்கமும் கிடையாது என்று அண்ணியிடம் வெடுக்கென்று சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"அதுவா இருந்தா, இவ உக்காருவா. லேட்டா நடப்பா. படிப்பு மெதுவாத்தான் வரும். ஆனா இன்னும் சில வருஷம் இவ தசை தேறிக்கிட்டே போகும்" என்றார்.

"இவ நடக்கிறப்ப நானும் கூட நடப்பேனா, டாக்டர்?"

டாக்டர் புதிதாக ஒரு ஃபைலை எடுத்து வைத்து, என் அடையாளக் கார்டு நம்பரைக் கேட்டார்.